கழுத்தில் ஒரு கீறல் இல்லை

கையை எங்கே வைக்கிறதுன்னு தெரியலை. வண்டி மண்டபத்து வாசலைத் தாண்டி உறையூர் கடைத்தெருவுல திரும்புற வரைக்கும் எனக்கு இதே யோசனைதான். இடது கை கழுத்துல இருக்கு, முந்தானையைச் சுத்தி இழுத்து நகை தெரியாம மூடிப் பிடிச்சிருக்கு, அதுக்கு வேலை இருக்கு. மடியில வளைகாப்புப் பை, கண்ணாடி வளையலும் வெத்தலையும் புளிச்சோத்து டப்பாவும். வலது கைதான் அநாதையா நிக்குது. பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு பைக்ல ஒருக்களிச்சு உக்காந்தவ ஓட்டுறவன் தோளைப் பிடிச்சுக்கணும், ஊர்ல எல்லாப் பொம்பளையும் அப்படித்தான் போறா. பிடிக்கலாமே. என் அண்ணன் மகன் கதிரேசன் தோள்தானே. எட்டு வயசு வரைக்கும் என் வீட்டுல வளர்ந்த தோள், சனிக்கிழமை சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்ச்சுவிட்ட தோள். "பிடிச்சுக்கிட்டீங்களா அத்தே?"ன்னு கேக்குறான். ம்ங்கிறேன். சீட்டு குறுக்கே ஒரு வார் போகுதே, அதைத்தான் பிடிச்சிருக்கேன். விரல் வியர்த்து வழுக்குது. கிராப்பட்டி தாண்டி எங்க நகர் வர்றதுக்கு இருபது நிமிஷம், மிஞ்சிப்போனா இருபத்தஞ்சு. அதுவரைக்கும் ஒண்ணும் நினைக்காம இருந்தாப் போதும். சந்திரமதி, ஒண்ணும் நினைக்காதே.

நினைக்காதேன்னா மனசு கேக்குமா, அதுக்கு அப்பதான் கொழுப்பு. இந்த மனுஷன் செஞ்ச வேலையைப் பாருங்க. தலை சுத்துது, நான் வீட்டுக்குப் போறேன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், ஒரு ஆட்டோ பிடிச்சுக் குடுங்கன்னேன். உடனே அத்தனை பேர் நடுவுல, "இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டு ஆட்டோல தனியாவா? ஒரு தடவை பட்டது போதாதா? கதிரு, அத்தையை வீட்டுல விட்டுட்டு வாப்பா, உன்னை நம்பித்தான் அனுப்புறேன்"னார். அவனும் சரி மாமான்னு இலையில பாதிச் சாப்பாட்டோட எழுந்துட்டான். நான் என்னத்தைச் சொல்ல முடியும்? வேண்டாம்னா ஏன்னு கேப்பாங்க. ஆரம், நெக்லஸ், தாலிக்கொடி, கைக்கு நாலு நாலு வளையல், எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு வந்தது என் தப்பு. அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. குழந்தை இல்லாத அத்தையை வளையல் அடுக்கக் கூப்பிட மாட்டாங்கன்னு தெரியும், கூப்பிடவும் இல்லை, யாரும் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை, ஒரு நாற்காலியை ஓரமாப் போட்டு உக்காருங்கன்னாங்க, அவ்வளவுதான். மடியும் காலி, கழுத்தும் காலின்னு அங்க போய் நிக்க எனக்குப் பிடிக்கலை. அந்த வீம்புக்குத்தான் இத்தனையும். வீம்பைக் கழட்டி வச்சிட்டு வந்திருந்தா இப்ப டவுன் பஸ்ல நிம்மதியாப் போயிருப்பேன்.

புத்தூர் நால்ரோடு சிக்னல். நிக்குது. பக்கத்துல ரெண்டு பசங்க ஒரு வண்டியில, பின்னாடி இருக்கிறவன் திரும்பி என்னைப் பாக்குறான். முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுக்குறேன். பாரு, எவனோ பாத்தா இழுத்து மூடத் தெரியுது, எனக்கு ஒரு முழத்துல முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன்கிட்ட இருந்து எதை மூடுறது? சீ, என்ன நினைப்பு இது. அவன் பிடரியில வியர்வை இறங்குது, ஹெல்மெட்டுக்குக் கீழே மச்சம் தெரியுது, பொறந்தப்ப இருந்து அந்த மச்சம் அங்கதான் இருக்கு. நல்ல பையன். எல்லாரும் சொல்றாங்க, நானும்தான் சொல்லியிருக்கேன். பச்சை விழுந்துடுச்சு. போ ராசா, போ, சீக்கிரம் போ.

போன வருஷம் சித்திரை. சாயங்காலம் அஞ்சரை இருக்கும். மில்லுல மிளகாய்த்தூள் அரைச்சிட்டு ரெண்டு கையிலயும் தூக்கோட வர்றேன், ரயில்வே பாலம் தாண்டி காலிமனை ஓரமா. பின்னாடி வண்டிச் சத்தம் கேட்டு ஒதுங்குறேன். வண்டி மெதுவாச்சு. அப்புறம் ரெண்டு விரல். அவ்வளவுதான், ரெண்டே விரல், பிடரியில, கொண்டைக்குக் கீழே, ஜில்லுன்னு. தாலிக்கொடியோட கொக்கியைப் பிடிச்சு இடப்பக்கமா ஒரு திருகு, கொடி என் மேல ஊர்ந்து வழுக்கிக்கிட்டுப் போயிடுச்சு. வலிக்கலை. அதைத்தான் என்னால இன்னிக்கு வரைக்கும் தாங்க முடியலை, வலிக்கலை. ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் ஹெல்மெட்டு, நம்பர் பலகையில சேறு. நான் கத்தக்கூட இல்லை, தூக்கைக் கீழே வச்சிட்டுக் கழுத்தைத் தடவிப் பாத்துக்கிட்டு நின்னேன். ஸ்டேஷன்ல எழுதிக்கிட்டிருந்தவர் எட்டிப் பாத்துட்டுச் சொன்னார், "என்னம்மா இது, கழுத்துல ஒரு கீறல் இல்லை? அறுத்துட்டுப் போனா கழுத்து வீங்கிச் செவந்து கிடக்குமே." தெருவுல எல்லாரும் சாமி காப்பாத்துச்சுன்னாங்க. என் நாத்தனார் பானுமதி மட்டும் காப்பியை ஆத்திக்கிட்டே சொன்னாங்க, "கீறல் இல்லாம எப்படிப் போகும்? பொறந்த வீட்டுக்கு நடந்து போயிருக்கும்." எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. பூஜை ரூம்ல கற்பூரம் ஏத்தி, கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணினேன், "என் அண்ணன் வீட்டுக்கு நான் குடுக்கலை." உள்ளங்கை பொத்துப்போச்சு. குடுக்கலைங்கிறது சத்தியமான உண்மை. போகலைன்னு நான் சத்தியம் பண்ணலை.

ஏன்னா அந்தக் கொக்கி. கல்யாணத்துக்குக் கொடி செஞ்ச ஆசாரி கொக்கியைத் திருப்பி வச்சிட்டார். ஊர்ல எல்லாக் கொக்கியும் வலப்பக்கம் திருகினாத் திறக்கும், எனக்கு மட்டும் இடப்பக்கம். என் வீட்டுக்காரருக்கே அது தெரியாது, அவருக்கு எதுதான் தெரியும். இவனுக்குத் தெரியும். நாலு வயசுல மத்தியானம் என் பக்கத்துல படுத்துக்கிட்டு கையைப் பிடரிக்குக் கீழே விடுவான், ரெண்டு விரலால அந்தக் கொக்கியைத் திறக்கிறதும் மூடுறதுமா இருந்துக்கிட்டே தூங்கிடுவான். எழுந்திருக்கும்போது கொடி அவன் கைக்குள்ள இருக்கும். "அத்தே செயினை யாரு எடுத்தா?"ன்னா, "நான்தேன்"னு சிரிப்பான். சிரிச்சுக்கிட்டே திருப்பி மாட்டிவிடுவான். வலிக்காம மாட்டுவான். வலிக்காம. அய்யோ.

இதை வச்சுக்கிட்டு ஒருத்தனைத் திருடன்னு சொல்லிடுவாங்களா? பதினாலு மாசமா இந்த வழக்கை நான்தான் நடத்துறேன், நானே வக்கீல், நானே எதிர்வக்கீல். தற்செயலாத் திருகியிருப்பான். கொக்கி தேஞ்சிருக்கும். விரல் ஜில்லுன்னு இருந்துச்சு, இவன் விரல் எப்பவும் சூடா இருக்கும். அடுத்த நாள் விசாரிக்க வந்தப்ப என் மஞ்சக்கயித்தைப் பாத்துட்டு அழுதானே, திருடின கை அழுமா? அழுமா அழாதா, அதுவே ஒரு வருஷம் ஓடுச்சு. நாத்தனார் பேச்சுக்குப் பயந்தும் இருந்தேன், அண்ணன் முகத்துக்குப் பயந்தும் இருந்தேன். அப்புறம், போனது என் நகை. நான் போனாப் போகுதுன்னு விட்டா யாரு கேக்கிறது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தென்னூர் பாலம் ஏறுது வண்டி. காத்து முந்தானையைப் பிடுங்குது. இழுத்துப் பிடிக்கிறேன், ஊக்கு விரல்ல இடறுது.

இந்த ஊக்கு. காலையில மண்டபத்துல நாத்தனார்தான் கண்டிப்பாக் குத்திவிட்டாங்க, புதுக் கொடியையும் ரவிக்கையையும் சேர்த்து, தோள்பட்டைக்குக் கிட்ட. புதுக் கொடிக்குக் கொக்கி கிடையாது, மரை வச்ச பூட்டு, ரெண்டு கையால திருகினாலும் சட்டுன்னு திறக்காது. வீட்டுக்காரர் தேடித் தேடி வாங்கினது. அதே வேகத்துல வீட்டுக்கும் முன்னாடி பின்னாடி கிரில், பூட்டு, சாவிக்கொத்து எப்பவும் என் இடுப்புல. எல்லாத்தையும் கெட்டிப்படுத்தியாச்சு. திலகவதி டீச்சருக்கும் நான்தான் கெட்டிப்படுத்தினேன். ரெண்டு தெரு தள்ளி வீடு, சும்மா சிரிச்சுப் பேசுற பழக்கம். மாசியில சமயபுரம் பூச்சொரிதலுக்குச் சேர்ந்து போனோம். கூட்டத்துல போலீஸ்காரப் பொண்ணு ஒண்ணு ஊக்கு குடுத்துக்கிட்டிருந்துச்சு, நகையைப் பத்திரப்படுத்திக்குங்கம்மான்னு. டீச்சர், "எனக்கு எதுக்குங்க, அசிங்கமா இருக்கும்"னாங்க. நான் விட்டாத்தானே. "என் கதை தெரியுமில்ல, பேசாம நில்லுங்க"ன்னு என் கையால குத்திவிட்டேன். அன்னிக்கு இருந்து டீச்சர் ஊக்கு குத்தாம வெளியில வரலை. வைகாசியில ஒரு விடிகாலை வாசல் தெளிச்சிட்டு பால் பாக்கெட் வாங்கப் போனவங்க. கொடி அறுந்து வரலை. ஊக்கு விடலை. வண்டி நிக்கலை. ரேஷன் கடையில இருந்து தண்ணித்தொட்டி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டாங்க.

துக்கம் கேக்கப் போனப்ப அந்தப் பொண்ணு யாழினி, டீச்சர் மக, என்னைத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டுச்சு. வளைஞ்சு போன ஊக்கு, அதுல ஒரு துணுக்கு ரவிக்கைத் துணி. "போலீஸ் கேட்டாக் குடுக்கணும் ஆன்ட்டி, ஊக்கு விஷயத்தை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க, பேப்பர்லயும் போடலை. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு"ன்னுச்சு. அப்புறம் கேட்டுச்சு, "உங்ககிட்டயும் இதே மாதிரிதான ரெண்டு பேரு? நீங்க யாரையாவது அடையாளம் பாத்தீங்களா ஆன்ட்டி?" ஹெல்மெட் போட்டிருந்தான்மான்னேன். பொய் இல்லை. போட்டுத்தான் இருந்தான். அந்தப் பொண்ணு சரி ஆன்ட்டின்னு தலையாட்டுச்சு, எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. அந்தத் தண்ணியைக் குடிச்சேன் பாருங்க. என் ஜென்மத்துக்கும் அது செரிக்காது. அன்னிக்கே வாயைத் திறந்திருந்தா, போன வருஷமே, கற்பூரத்தை அணைக்கிறதுக்குப் பதிலா ஸ்டேஷன்ல ஒரே ஒரு வார்த்தை, இந்தக் கொக்கி யாருக்குத் தெரியும்னு, டீச்சர் இந்நேரம் பள்ளிக்கூடத்துல பத்தாம் வகுப்புக்குக் கணக்கு போட்டுக்கிட்டிருப்பாங்க. இவனா இருந்தா. இவனா இருந்தாத்தானே? இல்லைன்னா? வேற எவனோ ரெண்டு பேரா இருந்தா நான் இப்படிப் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவனை மனசுக்குள்ள தூக்குல போட்டுக்கிட்டிருக்கேனே, எனக்கு எத்தனை பாவம். எனக்குத் தெரிஞ்சாகணும். வேற ஒண்ணும் வேண்டாம், இவனா இல்லையான்னு ஒண்ணு தெரிஞ்சாப் போதும்.

கிராப்பட்டி. வீடுங்க குறைஞ்சு காலிமனையா வருது. உச்சி வெயில், தெருவுல ஒரு ஈ காக்கா இல்லை. வழக்கமாப் போற ரோட்டை விட்டுட்டு வலப்பக்கம் திருப்புறான். "எங்கடா போற?" குரல் எனக்கே தெரியாம ஏறிடுச்சு. "அங்க பள்ளம் தோண்டியிருக்காங்க அத்தே, சுத்தித்தான் போகணும்." பள்ளம் தோண்டியிருக்காங்க, ஆமா, காலையில நானே பாத்தேன். ஆனா இப்படிப் போனா அந்த இடம் வரும். ரயில்வே பாலம். இவன் இங்க நிறுத்தி, அத்தே கழட்டுங்கன்னா என்ன செய்வேன்? கழட்டிக் குடுத்துடுவேன். அதுதான் நிஜம். ஆரம், வளையல், எல்லாத்தையும் இந்தா ராசான்னு குடுத்துட்டு, எவனோ பறிச்சுட்டுப் போயிட்டான்னு வீட்டுல பொய் சொல்லுவேன். நகை போறதுல எனக்குப் பயமே இல்லை, இப்பதான் புரியுது. அவன் கேட்டுடுவானோங்கிறதுதான் பயம். பாலம் வந்துச்சு. போச்சு. அந்தக் காலிமனை ஓரத்துல அவன் வேகத்தைக் கூட்டினான், எல்லாரும் கூட்டுற இடம்தான், ரோடு நல்லா இருக்கும். அதுக்கு அப்புறம் வேகத்தடை. வண்டி தூக்கிப் போட்டதுல என் வலது கை தானாப் போய் அவன் தோளைப் பிடிச்சிருச்சு. சட்டைக்குள்ள தோள் நடுங்குது. வண்டி நடுக்கம் இல்லை அது. நான் கையை எடுக்கலை.

வாசல்ல நிறுத்தினான். இறங்கிப் புடவையைச் சரி பண்றப்ப முந்தானை விலகிடுச்சு. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு என் தோள்பட்டையையே பாத்துக்கிட்டிருந்தான். மண்டபத்துலயும் அங்கதான் பாத்தான், பந்தியில எனக்கு எதிர்ல உக்காந்து, நாத்தனார் குத்திவிட்ட இடத்தையே. அதுக்கு அப்புறம்தான் எனக்குத் தலை சுத்த ஆரம்பிச்சுது. "அத்தே"ன்னான். சொல்லுன்னேன். "அந்த ஊக்கைக் கழட்டிடுங்க அத்தே. இனிமே குத்தாதீங்க. ஊக்கு குத்தியிருந்தா யாராவது இழுத்தா வராது. ஆளும் சேர்ந்து வந்துரும்." சின்ன வயசுல, சாப்பாடு ஊட்டும்போது, அத்தே சூடா இருக்கு ஊதிக் குடுங்கன்னு சொல்லுவானே, அதே குரல். என் மேல அவ்வளவு பிரியம் அவனுக்கு. ஊக்கு விஷயம் பேப்பர்லகூட வரலையே. எதிர்வக்கீல் உக்காந்துட்டான். இனிமே அவனுக்குப் பேச ஒண்ணும் இல்லை.

"வெயில்ல வந்திருக்க, உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ"ன்னேன். என் வாய்தான் சொல்லுச்சு, எத்தனை வருஷப் பழக்கம். கிரில்லைத் திறந்தேன். உள்ளே வந்து அவன் எப்பவும் உக்கார்ற மோடாவுல உக்காந்தான். பானைத் தண்ணி மொண்டு குடுத்தேன். ஃபேனைப் போட்டேன். பின்பக்கம் போய்ப் பூட்டைத் தொட்டுப் பாத்தேன், பூட்டித்தான் இருந்துச்சு. திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கிட்டு வெளியில இறங்கி, கிரில்லை இழுத்துப் பூட்டைப் போட்டு அமுக்கினேன். திருடனுக்காக வாங்கின பூட்டு, கிளிக்குன்னு விழுந்துச்சு. அவன் டம்ளரும் கையுமா என்னைப் பாத்தான். எழுந்திருக்கலை, கத்தலை. "அப்பாட்ட நீங்களே சொல்லிருங்க அத்தே. போலீஸ் போய்ச் சொல்ல வேண்டாம்"னான். சொல்றேன்னேன். அவன் மிச்சத் தண்ணியைக் குடிச்சான்.

ரெண்டு தெருதான். இடுப்புல சாவி குத்துது. அண்ணன் இந்நேரம் மண்டபத்துல கடைசிப் பந்தி பரிமாறிக்கிட்டு இருப்பான், அவன் மகளுக்கு ஏழாம் மாசம், இதைக் கேட்டா அந்தப் பொண்ணு என்ன ஆகும்னு தெரியலை. தான் சொன்னது கடைசியில பலிச்சுடுச்சுன்னு நாத்தனார் சொல்லுவாங்க, சொல்லட்டும். நடக்கிறேன். ரேஷன் கடை தாண்டியாச்சு. தண்ணித்தொட்டி வரைக்கும் ரோட்டைப் பாக்காம நடந்தேன், பாக்காம இருக்க முடியலை, பாத்தேன். ஒரு வீட்டு மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்த யாரோ ஒரு அம்மா கத்துறாங்க, "ஏங்க, இத்தனை நகையைப் போட்டுக்கிட்டு இந்த வெயில்ல தனியா எங்க போறீங்க? முந்தானையை இழுத்து மூடிக்குங்க." கையைத் தூக்கினேன். மூடலை. ஊக்கைக் கழட்டி உள்ளங்கையில வச்சு இறுக்கிக்கிட்டேன், முனை நல்லாக் குத்துச்சு. டீச்சர் வீட்டுக் காலிங் பெல்லை அமுக்கினேன். யாழினிதான் கதவைத் திறந்துச்சு.

"ஆன்ட்டி? என்ன ஆச்சு, கையில ரத்தம்?"

"அன்னிக்கு நீ ஒண்ணு கேட்டியேம்மா"ன்னேன்.